சி.பி.டி. எண்ணெய், வேப்பரைசர், வலிப்பு: குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஓர் அளவுக் கையேடு

குமுளியிலோ வண்டிப்பெரியாறிலோ மெடிக்கல் கடையில் போய் 'வேப்பரைசர்' என்று கேட்டால், சளிக்கு ஆவி பிடிக்கிற பிளாஸ்டிக் மெஷினைத்தான் எடுத்து வைப்பார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் அதே பேரில் காட்டுவது வேறு சாமான்: கஞ்சாவையோ அதன் எண்ணெயையோ சூடாக்கி வாயால் இழுக்கும் கருவி. வீசிங் வந்த பிள்ளைக்கு முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுப்பது மூன்றாவது. அது நெபுலைசர். இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, பிள்ளையின் வலிப்புக்குக் கேட்கும் என்று எங்கோ வாங்கிய 'சி.பி.டி. எண்ணெயை' (கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது) எதிலாவது ஊற்றிப் பார்ப்போம் என்று கிளம்புகிற வீடுகள் இருக்கின்றன. எதிலும் ஊற்றக் கூடாது. ஏன் என்பதை முதலில் முடித்துவிட்டு, வாய்வழியாகக் கொடுக்கும் மருந்துக்கு வரலாம்.

ஆவி மெஷினில் கொதிப்பது தண்ணீர். எண்ணெய் மேலே மிதக்கும், கொதிக்கும்போது தெறிக்கும், மருந்து அளவாக ஆவியோடு ஏறி வராது. பிள்ளைக்குக் கிடைப்பது முகத்தில் சுடுதண்ணீர் மட்டும். நெபுலைசர் கோப்பையில் எண்ணெய் ஊற்றுவது இன்னும் மோசம். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் ஒருவகை நிமோனியா வரும், சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அது அடங்காது. நெபுலைசருக்கென்று தயாரித்த தண்ணீர் போன்ற கரைசலும், கலக்கச் சொன்னால் நார்மல் சலைனும் தவிர வேறெதுவும் அந்தக் கோப்பைக்குள் போகக் கூடாது. யூகலிப்டஸ் தைலமும் சேர்த்துத்தான்.

இழுக்கும் வேப்பரைசரின் கதை இது: அமெரிக்காவில் 2019-ல் வேப்பிங் எண்ணெய்களால் நுரையீரல் வெந்து 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாகப் பிடிபட்டது எண்ணெயைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட். தோலில் தடவும்போது சாதுவாக இருக்கும் பொருள் சூடாகி மூச்சில் போனால் வேறு குணம் காட்டும். இந்தியாவில் 2019-ன் மின்சிகரெட் தடைச் சட்டம் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உறிஞ்சத் தரும் மின்கருவியின் விற்பனையையும் இறக்குமதியையும் தடுக்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கருவிகளுக்கு மட்டும் விலக்கு.

சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் காரணம் மாறாது. புகையாக இழுத்தால் மருந்து சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சிக்குப் போய்ச் சரசரவென்று இறங்கிவிடும். நாலு வயதுப் பிள்ளை எத்தனை மில்லிகிராம் உள்ளே இழுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வலிப்பைத் தடுக்க ரத்தத்தில் மருந்து நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஆகவே பேச்சு மில்லிகிராமில்தான். 'ஒரு வேளைக்கு எத்தனை மி.கி.' என்று சொல்ல முடியாத எதையும் பிள்ளையின் வாயில் வைக்க வேண்டாம்.

எந்தப் பிள்ளைக்கு

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உண்டு. அவற்றில் இரண்டைத் தெரிந்தால் போதும். டி.எச்.சி. போதை தருவது. சி.பி.டி. என்னும் கன்னபிடியால் போதை தராதது, வலிப்புக்கு வேலை செய்வது. கல்கத்தாவில் வேலை பார்த்த ஓஷாக்னஸி என்ற மருத்துவர் 1840 வாக்கிலேயே கைக்குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சா டிஞ்சர் கொடுத்துக் குறிப்பு எழுதினார். ஆனால் ஒழுங்கான சோதனையில் தேறி மருந்தானது 2018 ஜூனில்தான். அன்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்ட எபிடியோலெக்ஸ் என்ற வாய்வழி மருந்தில் இருப்பது சுத்திகரித்த சி.பி.டி. மட்டும். டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடினமான வலிப்பு நோய்களுக்கு அது வந்தது. 2020-ல் டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற, மூளையிலும் மற்ற உறுப்புகளிலும் கட்டிகள் வளரும் பிறவி நோயில் வரும் வலிப்பும் சேர்ந்தது, வயதும் ஒன்று முதல் என்று இறங்கியது.

பலன் எவ்வளவு? டிராவே உள்ள 120 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியான சோதனையில், சி.பி.டி. எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு நடுவளவாக 12.4 என்றிருந்த பெரிய வலிப்புகள் 5.9 ஆகக் குறைந்தன. வெறும் எண்ணெய் எடுத்தவர்களுக்கு 14.9 என்றிருந்தது 14.1 ஆனது. வலிப்பே நின்று போனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். மாதம் பன்னிரண்டு என்பது ஆறாகக் குறைவது ஒரு வீட்டுக்குப் பெரிய விஷயம். முழுக் குணம் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

காய்ச்சலோடு வரும் ஜன்னிக்கு இது மருந்து கிடையாது. இங்கே தமிழ்நாடு-கேரள எல்லையில் வரும் ஒரு மொழிச் சிக்கலைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். 'பனி உண்டாயிருந்நோ' என்று டாக்டர் கேட்க, கம்பத்திலிருந்து புதிதாக மலை ஏறிய அம்மா மலைப் பனியை நினைத்து 'ஆமாங்க, நல்ல பனி' என்று சொன்னால், வலிப்பு நோய் காய்ச்சல் ஜன்னியாக எழுதப்பட்டுவிடும். தெர்மாமீட்டரில் எத்தனை காட்டியது என்று எண்ணைச் சொல்லுங்கள். அதேபோல் சீட்டில் 'அபஸ்மாரம்', பேச்சில் 'சுழலி' என்று வருவதெல்லாம் நம் வலிப்புதான்.

ஆட்டிசத்துக்கு, படிப்பில் கவனம் இல்லாததற்கு, தூக்கமின்மைக்கு என்று சொல்லி எண்ணெய் விற்பவர்களிடம் காது கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அவற்றுக்கான ஒப்புதல் எதுவும் கிடையாது.

சி.பி.டி. வரிசையில் முதல் மருந்தும் கிடையாது. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் அடங்காத வலிப்பையே 'மருந்துக்கு அடங்காதது' என்பார்கள். அந்த நிலைக்கு வந்ததும் கேட்க வேண்டியது சி.பி.டி. இருக்கிறதா என்று அல்ல, இது என்ன வகை வலிப்பு என்று. கார்பமசெபின், ஃபெனிட்டாயின், லமோட்ரிஜின் என்ற வழக்கமான வலிப்பு மருந்துகளே டிராவே பிள்ளைகளுக்கு வலிப்பைக் கூட்டும். ஆறு மாதக் குழந்தைக்குக் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்து, பிறகு அடிக்கடி வந்து, கார்பமசெபின் ஆரம்பித்ததும் அதிகமானால் எஸ்.சி.என்.1.ஏ. ஜீன் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். தப்பான மருந்தை டாக்டர் மாற்றுவதே சில வீடுகளில் எந்த எண்ணெயையும்விட அதிகப் பலன் தரும். சிலருக்கு அறுவை சிகிச்சையே வழி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் வலிப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ., வீடியோ இ.இ.ஜி. பார்த்து, அறுவைக்குத் தகுமா என்று அங்கே சொல்வார்கள். கொழுப்பு அதிகமான கீட்டோ உணவு முறையும் ஒரு வழி. இவற்றை விசாரித்த பிறகு சி.பி.டி.க்கு வாருங்கள்.

பாட்டிலைப் படிப்பது

டாக்டர் எழுதும் சுத்திகரித்த மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. சி.பி.டி. இருக்கும். கரைப்பான் நல்லெண்ணெய், கொஞ்சம் ஆல்கஹால், ஸ்ட்ராபெரி வாசனை. எள் ஒவ்வாத பிள்ளைக்கு ஆகாது. வெளிநாட்டு மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க மருந்து விதிகளில் படிவம் 12ஏ விண்ணப்பமும் 12பி அனுமதியும் உண்டு. டாக்டர் சீட்டில்லாமல் நகராது. ஆஸ்பத்திரி மூலமே செய்யுங்கள், ஆன்லைனில் கண்ட இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொன்று ஆயுர்வேத உரிமத்தில் வரும் 'விஜயா' எண்ணெய். விஜயா என்பது கஞ்சா இலை. மருந்து விதிகளின் அட்டவணை இ1 என்ற நச்சுப் பொருள் பட்டியலில் அது இருப்பதால், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருந்தாக வேண்டும். இதில் தவறு நடப்பது எண்ணில். 30 மி.லி. பாட்டிலில் 'விஜயா சாறு 1000 மி.கி.' என்று போட்டிருந்தால் அது 1000 மி.கி. சி.பி.டி. என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சாற்றின் எடை. அதில் சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்பது தனிக் கணக்கு. 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்ற வார்த்தைக்கு டி.எச்.சி.யும் உண்டு என்று பொருள் கொள்ளுங்கள். தொகுதி எண் வாரியான பரிசோதனைத் தாளில் இரண்டின் மி.கி.யும் தனித்தனியே இருக்க வேண்டும், தாளில் உள்ள தொகுதி எண்ணும் பாட்டிலில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

'நாலு சொட்டு நாக்கில் விடுங்க' என்று சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மி.லி.க்கு இருபது சொட்டு என்று வைத்தால் நாலு சொட்டு 0.2 மி.லி. மேலே சொன்ன பாட்டிலில் அது ஏறக்குறைய 6.7 மி.கி. சாறு. 12 கிலோ பிள்ளைக்கு ஆரம்ப அளவே ஒரு வேளைக்கு 30 மி.கி. சுத்த சி.பி.டி. ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு 'சி.பி.டி. எங்க புள்ளைக்குக் கேட்கலை' என்று சொல்லக் கேட்கிறோம். மறுபக்கம், அந்த எண்ணெயிலேயே முழு அளவைத் தொட முயன்றால் பாட்டில் பத்து நாள் தாங்காது, கூடவே டி.எச்.சி.யும் தினம் உள்ளே போகும்.

'இடுக்கி கோல்ட்' என்ற மலைக் கஞ்சாவைப் பற்றிய பேச்சை இங்கேயே முடித்துக்கொள்வோம். வளரும் மூளைக்கு டி.எச்.சி. ஆகாது. போதைக்கென்று வளர்த்த செடியில் இருப்பது பெரும்பாலும் அதுதான், சி.பி.டி. கொஞ்சமே. இலையை அரைத்துப் பாலில் கலப்பது, எண்ணெயில் காய்ச்சுவது எல்லாம் அளவு தெரியாத டி.எச்.சி. கொடுக்கும் வழிகள். 1985-ன் போதைப்பொருள் சட்டத்தில் பூவும் காயும் உள்ள கொண்டை கஞ்சா. வீட்டுக்குப் பின்னால் ஒரு செடி வைப்பதும் குற்றம். பிள்ளைக்காக என்று சொன்னால் வழக்கு நிற்காமல் போகாது.

அளவும் சிரிஞ்சும்

எடைதான் முதல் படி. அங்கன்வாடியில் மூன்று மாதம் முன்பு எழுதிய எடை வேண்டாம், அன்றைய எடை வேண்டும். தேயிலைக் கொழுந்து எடைபோடும் தொங்கு தராசில் பிள்ளையை உட்கார வைப்பதை விட, ஆஸ்பத்திரி எலக்ட்ரானிக் தராசில் ஸ்வெட்டரையும் செருப்பையும் கழற்றி நிறுத்துங்கள்.

மருந்துத் தாளில் உள்ள நடைமுறை இது. முதல் வாரம் கிலோவுக்கு 2.5 மி.கி. வீதம் காலை, இரவு. இரண்டாவது வாரத்திலிருந்து கிலோவுக்கு 5 மி.கி. வீதம் இரண்டு வேளை. தாங்கினால், தேவைப்பட்டால் மட்டும், டாக்டர் மெல்ல ஏற்றி கிலோவுக்கு 10 மி.கி. வீதம் இரண்டு வேளை வரை போவார். டியூபரஸ் ஸ்கிளரோசிஸில் இலக்கு கிலோவுக்கு 12.5 மி.கி. வீதம் இரண்டு வேளை. ஈரல் பலவீனமாக இருந்தால் எல்லாமே குறையும். 12 கிலோ பிள்ளைக்கு 2.5 பெருக்கல் 12, அதாவது 30 மி.கி. மி.லி.க்கு 100 மி.கி. உள்ள பாட்டிலில் அது 0.3 மி.லி. இரண்டாம் வாரம் 0.6. உச்சம் 1.2. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்ப்பது டாக்டர் சீட்டைச் சரிபார்க்கத்தான், சீட்டுக்குப் பதிலாக அல்ல. சீட்டில் மி.கி., மி.லி. இரண்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் '0.3' என்று இருந்தால் புள்ளி மறைந்து 3 ஆகிவிடும். 3 மி.லி. என்றால் 300 மி.கி., பத்து மடங்கு.

பெரிய தவறுகள் சிரிஞ்சில்தான் நடக்கின்றன. 0.3 மி.லி.யை 5 மி.லி. சிரிஞ்சில் அளக்க முடியாது. கோடுகளுக்கு நடுவே கண் மதிப்பில் நிற்கும். 1 மி.லி. வாய்வழிச் சிரிஞ்சு வேண்டும். கிடைக்காவிட்டால் ஊசி கழற்றிய 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சு, நூறில் ஒரு பங்கு வரை கோடு இருக்கும். இன்சுலின் சிரிஞ்சை மட்டும் எடுக்காதீர்கள். அதில் இருப்பது மி.லி. கோடல்ல, யூனிட் கோடு. நம் ஊரில் அதிகம் புழங்கும் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 40 யூனிட் சேர்ந்தால் 1 மி.லி. '30 மி.கி.' என்று மனதில் வைத்து 30-ம் கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 0.75 மி.லி., அதாவது 75 மி.கி. அதே கோட்டை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் இழுத்தால் 0.3 மி.லி. சரியாக வரும். ஒரே வீட்டில் பாட்டிக்கு இரண்டு விதச் சிரிஞ்சும் இருந்தால், காலை ஒரு அளவும் இரவு இரண்டரை மடங்கும் போகும். ஏன் பிள்ளை விழிக்காமல் தூங்குகிறது என்று யாருக்கும் புரியாது.

அளக்கும்போது பாட்டிலை நிமிர்த்தி வைத்து மூடியிலுள்ள அடாப்டரில் சிரிஞ்சைச் செருகி, பிறகு கவிழ்த்து மெதுவாக இழுங்கள். எண்ணெய் மெதுவாகத்தான் ஏறும். வேகமாக இழுத்தால் காற்றுக் குமிழி வரும், குமிழி இருக்கும் இடத்தில் மருந்து இருக்காது. குமிழி வந்தால் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். கறுப்பு பிஸ்டனின் மேல் விளிம்பு கோட்டில் நிற்க வேண்டும். வாயில் விடும்போது நாக்கின் நடுவில் பீச்சினால் துப்பிவிடும், புரையும் ஏறும். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறமாக ஓரத்தில் விடுங்கள். சிரிஞ்சை சோப்புத் தண்ணீரில் கழுவி, பிஸ்டனைத் தனியே கழற்றி, முழுக்கக் காயவிட்டு அடுத்த வேளைக்கு எடுங்கள். உள்ளே தண்ணீர்த் துளி இருந்தால் எண்ணெய் கலங்கும்.

மூக்கு வழிக் குழாய் போட்ட பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து சிலிகான் குழாய் வழியே போகலாம். பி.வி.சி., பாலியூரிதேன் குழாய்களில் கூடாது. நம் ஆஸ்பத்திரிகளில் போடும் சாதாரண ரைல்ஸ் டியூப் பெரும்பாலும் பி.வி.சி. ஆகவே ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் குழாயைக் காட்டிக் கேளுங்கள்.

சாப்பாடு சின்ன விஷயமாகத் தெரியும், அது பெரிய விஷயம். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் ஏறும் உச்சம் வெறும் வயிற்றைவிட ஐந்து மடங்கு வரை போகும். ஒருநாள் கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத டீ), மறுநாள் நெய்ச் சோற்றுக்குப் பிறகு என்று கொடுத்தால் சிரிஞ்சில் ஒரே அளவுதான், உடம்பில் ஒவ்வொரு நாளும் வேறு அளவு. எப்படிக் கொடுப்பது என்பது ஒன்றாக இருக்கட்டும்: காலை தோசை சாப்பிட்டு அரை மணி கழித்து என்றால் தினமும் அப்படியே, இரவும் அப்படியே. லீவு நாளில் மாறக் கூடாது.

கூடவே போகும் மருந்துகள்

கிளோபசாம் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் பிள்ளைக்கு சி.பி.டி. சேரும்போது, கிளோபசாம் உடம்பில் மாறி உருவாகும், வேலை செய்யும் உபபொருள் ரத்தத்தில் மூன்று மடங்கு வரை கூடும். பலனில் ஒரு பங்கு அதிலிருந்து வரலாம், தூக்கமும் அதிலிருந்துதான். பிள்ளை பகலெல்லாம் தள்ளாடினால், எச்சில் ஒழுகினால், சாப்பாட்டில் புரையேறினால் முதலில் குறைக்க வேண்டியது பெரும்பாலும் கிளோபசாம். நீங்களாகக் குறைக்காதீர்கள், அன்றே போன் செய்யுங்கள். டாக்டர் சொல்லாமல் எந்த வலிப்பு மருந்தையும் சட்டென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரும். அது வந்தால் ஐ.சி.யு.தான்.

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேரும்போது கவலை ஈரல். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிருபின் மூன்றையும் ஆரம்பிக்கும் முன் ஒரு முறை, பிறகு ஒன்று, மூன்று, ஆறு மாதங்களில் எடுக்க வேண்டும். வால்ப்ரோயேட் உள்ள பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி. ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. சாதாரண உச்சத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டி, பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். பிலிருபின் சரியாக இருந்தும் எஸ்.ஜி.பி.டி. ஐந்து மடங்குக்கு மேல் நின்றாலும் அப்படியே. கண் மஞ்சள், கட்டன் சாயா நிற மூத்திரம், வலப்பக்க வயிற்று வலி, விடாத வாந்தி வந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் சி.பி.டி. உடம்பில் நிற்காது, ஃபெனிட்டாயினும் கார்பமசெபினும் அதேபோல் குறைக்கக்கூடியவை. டியூபரஸ் ஸ்கிளரோசிஸுக்கு எவரோலிமஸ் எடுத்தால் அது ரத்தத்தில் கூடும், அளந்து பார்க்க வேண்டும். ஆயுர்வேதக் கஷாயம் ஏதாவது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். 'அது வெறும் கஷாயம்தானே' என்று நினைத்து யாரும் கேட்காமலும் சொல்லாமலும் போய்விடுவார்கள்.

வயிற்றுப்போக்கு, பசியின்மை, தூக்கம், சொறி ஆகியவை சாதாரணமாக வருபவை. எடை குறைந்தால் அளவையும் திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

நோட்டு

ஆரம்பிப்பதற்கு முன் நான்கு வாரம் எழுதி வையுங்கள். அது இல்லாமல் குறைந்ததா என்று சொல்ல எந்த வழியும் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள்: நேரம், எத்தனை நிமிடம், எந்த வகை. பெரிய வலிப்பு, 'டொப்' என்று விழுவது, கண் நிலைகுத்துவது, கை சட்டென உதறுவது ஒவ்வொன்றையும் தனி எழுத்தில் குறியுங்கள். காய்ச்சல் இருந்ததா, மருந்து தவறியதா, தூக்கம் கெட்டதா என்பதையும் சேர்த்து. ஒவ்வொரு வகைக்கும் ஒரு வீடியோ போதும், முகமும் கைகாலும் ஒன்றாகத் தெரியும்படி. இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, வலிப்பு குறைந்தது நூற்றுக்கு முப்பது என்ற அளவில் குறையாவிட்டால் சி.பி.டி.யை நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த அளவுகோல் நமக்கும் உதவும். பலன் இல்லாத மருந்தை நம்பிக்கைக்காகத் தொடர்வது விலையும் ஈரலும் சேர்ந்து கெடும் வழி. நிறுத்துவதும் மெல்ல மெல்லக் குறைத்துத்தான்.

வலிப்பு வந்துவிட்டால்

சி.பி.டி. அந்த நேர மருந்து அல்ல. சாவிக்கொத்தும் இரும்பும் வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். ஒருபக்கமாகப் படுக்க வைத்து, கடிகாரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதித் தந்த மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே. வழக்கமாகக் கிலோவுக்கு 0.2 மி.கி. கடையில் இரண்டு விதம் வருகிறது: ஒரு அடிக்கு (ஒருமுறை அழுத்தினால்) 0.5 மி.கி. உள்ளது, 1.25 மி.கி. உள்ளது. 12 கிலோ பிள்ளைக்கு முதல் வகையில் ஐந்து அடி, இரண்டாவதில் இரண்டு அடி. தேனியில் வாங்கிய பாட்டிலுக்கு எழுதிய 'ஐந்து அடி'யை, கோட்டயத்தில் வாங்கிய 1.25 பாட்டிலில் கொடுத்தால் 6.25 மி.கி., மூச்சு நின்று போகலாம். பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் பார்த்து, அடி எண்ணிக்கையை ஸ்டிக்கரில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டுங்கள். புதுப் பாட்டிலை முதலில் காற்றில் அடித்து, பனி போல வந்த பிறகே மூக்கில் வைக்க வேண்டும். சளியைத் துடைத்துவிட்டு இரண்டு துளைகளிலும் மாறி மாறி. பிறகு மூச்சைக் கவனியுங்கள், மார்பு ஏறி இறங்குவதைப் பாருங்கள். 108-க்கு அடிக்கும்போது முதல் வார்த்தையாக மாநிலத்தையும் ஊரையும் எஸ்டேட் பேரையும் சொல்லுங்கள். லயத்துக்கு (எஸ்டேட் குடியிருப்பு வரிசைக்கு) ஜீப் மட்டும்தான் வரும் என்றால் மெயின் ரோட்டில் எங்கே நிற்பீர்கள் என்பதையும்.

பிள்ளை கஞ்சா சாக்லேட்டையோ யாரோ வைத்திருந்த எண்ணெயையோ தின்றுவிட்டால் அறிகுறி மயக்கம், தள்ளாட்டம், வேகமான நாடி, எழுப்பினால் எழாத தூக்கம், சில சமயம் வலிப்பு. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். புரையேறும். மிச்சத்தையும் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன தின்றது என்பதைப் பயந்து மறைத்தால், மூளைக்காய்ச்சல் என்று நினைத்து முதுகுத்தண்டில் நீர் எடுக்க வேண்டிவரும்.

எல்லை தாண்டும்போது

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு செக்போஸ்டுகளில் கஞ்சாவுக்காகச் சோதனை நடப்பது தினசரி விஷயம். மருந்தை அதன் சொந்த அட்டைப்பெட்டியோடு, லேபிள் கிழியாமல் கொண்டு போங்கள். டாக்டர் சீட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரி ஒரே உறையில். வேறு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொண்டு போகாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுப்பதும் கூடாது, லாரியில் யார் கையிலாவது கொடுத்தனுப்புவதும் கூடாது.

சீட்டில் கம்பெனிப் பேர் மட்டும் இருந்தால் அடுத்த மாநிலத்தில் அது கிடைக்காமல், கடைக்காரர் வேறு செறிவுள்ள சிரப்பைக் கொடுத்துவிடலாம். மருந்தின் பொதுப்பேரும் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்பதும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டில் பாட்டிலை நிமிர்த்தி, சாதாரண அறை வெப்பத்தில், பூட்டும் அலமாரியில் வையுங்கள். பிரீசரில் வேண்டாம். திறந்த தேதியை மூடியில் மார்க்கரால் எழுதுங்கள், அன்றிலிருந்து 12 வாரம்தான் கணக்கு. 12 கிலோ பிள்ளைக்கு வேளைக்கு 0.6 மி.லி. என்றால் 100 மி.லி. பாட்டில் 83 நாள், கிட்டத்தட்ட அந்த 12 வாரமே வரும். அளவு 0.3-லேயே நின்றுவிட்ட பிள்ளைக்குப் பாதி மிஞ்சும். விலையை நினைத்து வயிறு எரியும்தான், ஆனாலும் அதை வைத்திருந்து கொடுக்காதீர்கள். அடுத்த முறை சின்ன பாட்டில் கேளுங்கள்.